நடையின் வேகமும் மருத்துவப் பதிவில் இருக்க வேண்டும்

பக்கவாதத்திற்குப் பிறகு பிசியோதெரபிக்குச் செல்வோருக்கு அந்தச் சோதனை பழக்கமானதுதான். தரையில் 10 மீட்டர் தூரம் குறித்திருப்பார்கள். நோயாளி நடக்க, சிகிச்சையாளர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். 'நடக்கத்தானே வந்தோம், எதற்குக் கடிகாரம்?' என்று பலருக்கும் தோன்றும்.

அடுத்து என்ன செய்வது என்ற முடிவு அந்த எண்ணைப் பொறுத்தது. 10 மீட்டரைக் கடக்க 25 வினாடிக்கு மேல் ஆனால், வேகம் வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவு. அவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டுமே நடமாடக்கூடியவர். 12.5 வினாடிக்குள் கடந்தால், துணையின்றிக் கடைத்தெருவுக்குப் போய்வரும் நிலையை நெருங்குகிறார். ஆனால், ஒருநாள் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாராவாரம் எடுத்த அளவுகளை வரிசையாகப் பார்த்தால்தான் முன்னேற்றமா, தேக்கமா என்பது தெரியும்.

மின்னியல் மருத்துவப் பதிவு இங்கேதான் கைகொடுக்கிறது. உடல் சமநிலையை அளக்கும் பெர்க் சோதனைக்கு மொத்தம் 56 புள்ளிகள். ஒருவர் இரண்டே வாரத்தில் 44 புள்ளிகளிலிருந்து 37-க்கு இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக் குறிப்பை மட்டும் பார்ப்பவர், 'வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என்று எண்ணக்கூடும். நோயாளிதான் பாவம், பழி அவர்மேல் விழும். அதே திரையில் மருந்துப் பட்டியலும் இருந்தால், பத்து நாள்களுக்கு முன் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது தெரிந்துவிடும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென இறங்குகிறதா என்று படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்து பார்ப்பார்கள். இறங்கினால் முதலில் தேவைப்படுவது மருத்துவரின் கவனம்; கூடுதல் பயிற்சி அன்று.

சில அளவுகளைத் தவறவிட்டால் மீண்டும் எடுக்கவே முடியாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'பிரெப் 2' முறையில், பக்கவாதம் வந்த 3 நாள்களுக்குள் தோளை உயர்த்தும் வலிமைக்கும் விரலை நீட்டும் வலிமைக்கும் தலா 5 புள்ளிகள் வரை தரப்படும். 80 வயதுக்குட்பட்டவர் மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் பெற்றால், 3 மாதத்தில் அவரது கை மிக நன்றாகத் தேறும் என்று எதிர்பார்க்கலாம். முதல் வாரத்து மருத்துவமனைப் பதிவு, பிறகு பயிற்சி தருபவரின் கைக்கு வராவிட்டால் அந்தக் கணிப்பால் பயனில்லை.

மலேசியாவில் 1999-இல் திறக்கப்பட்ட சிலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனையாகவே திட்டமிடப்பட்டது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பட்டணத்து மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்புபவர், அருகிலுள்ள கிளினிக்கில் எல்லாம் கணினியில் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற வாய்ப்புண்டு. வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். நடை வேகம், சமநிலைப் புள்ளிகளையும் அதில் எழுதித் தரக் கேட்கலாம். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். குளியலறையில் வழுக்கி விழுந்ததை வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால், எந்தப் பதிவிலும் அது ஏறாது.