வண்டலூர் செல்லவிருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு

பேரக்குழந்தைகளுடன் வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குச் செல்லலாமா என்று இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு. தாராளமாகச் செல்லலாம். ஆனால் அப்பூங்கா சுமார் 602 ஹெக்டேர் பரப்புடையது. அன்றாடக் காலை நடையைக் கொண்டு அதனை அளவிடக் கூடாது.

நெடுநேரம் நடக்கையில் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. வழக்கமான இன்சுலினும் உடன் சேர்வதால் சர்க்கரை மிகவும் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று குடும்பத்தினர் இதனைப் பொருட்படுத்தாது விடுவதே எங்கள் கவலை. ஐயம் எழுந்தவுடன் நிழலில் அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடங்களில் தெளிவு ஏற்படாவிடில் மீண்டும் பருகலாம். தெளிந்தபின் உணவு உண்பது அவசியம். நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரைப் பொட்டலம் நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். குழந்தைகளுடன் முன்னே சென்றுவிட்ட பையில் இருந்து பயனில்லை!

இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள்; வெப்பத்தில் அது வீரியம் இழக்கும். மதிய உணவு தள்ளிப்போகக் கூடாது. இயன்றவரை பேட்டரி வாகனத்தைப் பயன்படுத்துங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவிற்கு விடுமுறை.

நடையின் விளைவு இரவு வரை நீடிக்கும் என்பதால், உறங்கச் செல்லுமுன் ஒருமுறை சர்க்கரையைப் பரிசோதியுங்கள். அன்றைய இன்சுலின் அளவைத் தாங்களாகக் குறைக்காமல், சில நாட்கள் முன்னதாகவே எங்களிடம் கேட்டறியுங்கள்.