முகிலுக்குள் இருக்கும் வெப்பத்தை எப்படி அளக்கிறார்கள்?

வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குப் படிப்பிக்கப் போய்வருகிற விஞ்ஞான ஆசிரியன் நான். மாரி காலத்தில் கிழக்கே கடல் பக்கம் கறுத்தால், எழுவான்கரைக்காரரான நாங்கள் குடையைத் தேடுவோம். படுவான்கரை விவசாயிக்கு அதே முகில் பணக்கணக்கு. அங்கே நெல் நனைந்தால் இங்கே ஆலையிலும் கடையிலும் விலை மாறும் என்பதால், அது நம் எல்லோருடைய கணக்கும்தான்.

கடந்த பெரும்போகத்தில் என் மாணவன் ஒருவனின் தந்தை பாடசாலை வாசலில் என்னை மறித்தார். "சேர், ரேடியோவில நூறு மில்லிமீற்றர் மழை எண்டாங்க. பசளையை எறியாம வெச்சிருந்தன். ஒரு துளி விழல்ல. மூணாம் நாள் எறிஞ்சன், அண்டு ராவு கொட்டித் தீர்த்திட்டு. யூரியா எல்லாம் வாய்க்காலோட போயிட்டு. இவங்க எதைப் பார்த்துத்தான் சொல்றாங்க?"

"சட்டலைட்டைப் பார்த்து" என்றேன். அது அரைப் பதில் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

செய்தியில் காட்டும் சட்டலைட் படத்தில் தெரிவது முகிலின் மேற்பக்கம் மட்டும். கூரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்வது போன்றது அது. மழையைக் கணிப்பவருக்குத் தேவை, தரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் உயரம் வரை ஒவ்வொரு படையிலும் வெப்பநிலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பது. கடலுக்கு மேல் ஒரு தாழமுக்கம் உருவாகும்போது, மூன்று முதல் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் வரண்ட காற்று உள்ளே புகுந்தால் அது சோர்ந்துவிடும். அதே உயரத்தில் ஈரம் நிறைந்திருந்தால் வலுக்கும். கீழே நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே கறுப்பு முகில்தான்.

இந்த விபரத்தைப் பெறும் பழைய வழி பலூன். கருவி கட்டிய பலூனைக் கொழும்பிலிருந்து வளிமண்டலவியல் திணைக்களம் மேலே விடுகிறது. அது ஏறிக்கொண்டே வெப்பநிலையையும் ஈரப்பதனையும் வானொலிமூலம் அனுப்பும். நல்ல முறை. ஆனால் நமது மாரி மழை வருவது கிழக்கிலிருந்து. மட்டக்களப்புக் கரையிலிருந்து அந்தமான் தீவுகள் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் வெறும் கடல். அங்கே நின்று பலூன் விட யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் நுண்ணலை வருகிறது. பதினோராம் ஆண்டு வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்டாள்: "மைக்ரோவேவ் எண்டா சோறு சூடாக்குறதுதானே சேர்?" அதுவும்தான். அந்த அடுப்பு 2.45 கிகாஹேட்ஸ் மீடிறனில் அலையைச் செலுத்துகிறது. நான் சொல்லும் கருவியோ எதையும் செலுத்துவதில்லை. காது கொடுத்துக் கேட்பது மட்டுமே அதன் வேலை.

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் ஏதோ ஓர் அளவு கதிர்ப்பை வெளிவிடும். காற்றும் அப்படித்தான். ஒட்சிசன் மூலக்கூறு 50 முதல் 60 கிகாஹேட்ஸ் வரையும், மீண்டும் 118.75 கிகாஹேட்ஸிலும் மெல்லிய நுண்ணலையை வெளிவிடுகிறது. நீராவிக்கு 22.2 கிகாஹேட்ஸும் 183.3 கிகாஹேட்ஸும். ஒட்சிசனின் பங்கு எங்கே போனாலும் ஏறத்தாழ 21 வீதம்தான். ஆகவே அதிலிருந்து வரும் அலை கூடிக் குறைந்தால் காரணம் வெப்பநிலை. வெப்பநிலை தெரிந்துவிட்டால், நீராவியின் அலையிலிருந்து ஈரப்பதனைக் கணக்கிடலாம்.

சரி, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? சந்தைக்குள் நின்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். ஒட்சிசன் மிக வலுவாக உறிஞ்சும் மீடிறனில் கேட்டால், தூரத்து அலையைப் பக்கத்துக் காற்றே விழுங்கிவிடும். அருகிலுள்ள படை மட்டும் கேட்கும். அந்த மீடிறனை விட்டுச் சற்று விலகிக் கேட்டால் இன்னும் கீழுள்ள படை கேட்கும். மேலும் விலகினால் கடல் மேற்பரப்பு வரை கேட்கும். இப்படிப் பல மீடிறன்களில் ஒரே நேரத்தில் கேட்டு, படை படையாகப் பிரித்தெடுக்கிறார்கள். செந்நிறக்கீழ்க் கதிரை முகில் மறைத்துவிடும். இந்த அலைகளோ சாதாரண முகிலைப் பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடும். பெருமழையும் பெரிய பனித்துணிக்கைகளும் குழப்பத்தான் செய்யும். அந்தக் குழப்பமே மழை எங்கே என்பதற்கு ஓர் அடையாளம்.

இதை முதலில் விமானத்தில் பூட்டித்தான் சோதித்தார்கள். பிலிப் ரோசன்கிரான்ஸ், டேவிட் ஸ்டேலின் முதலானோர் விமானத்திலிருந்து நுண்ணலைமூலம் வளிமண்டலத்தின் வெப்பநிலையையும் நீரையும் அளந்த முடிவுகளை 1972இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நிம்பஸ்-5 செய்மதி இதே வகைக் கருவியோடு மேலே போனது. 1978 ஒக்டோபர் 13இல் டைரோஸ்-என் என்ற வானிலைச் செய்மதி, ஒட்சிசன் அலையை நான்கு மீடிறன்களில் கேட்கும் கருவியுடன் ஏவப்பட்டது.

1978 நவம்பர் 23 நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திகதி. செய்மதி ஏவப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. என் உம்மா இன்றும் வருடங்களைச் 'சூறாவளிக்கு முன்', 'சூறாவளிக்குப் பின்' என்றே எண்ணுகிறார். அந்த இரவில் தென்னைகள் முறிந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கருவி பிறந்துதான் இருந்தது. அதனால் நமக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

சூறாவளிக்கும் இந்தக் கருவிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீராவி ஒடுங்கி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் சூறாவளியின் நடுவில் சேர்கிறது. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் அந்த மையம் சுற்றியுள்ள காற்றைவிடப் பத்துப் பாகை வரையும் அதற்கு மேலும் சூடாக இருக்கலாம். எவ்வளவு சூடோ அவ்வளவு வலு. ஆனால் பல ஆண்டுகள் பயன்பட்ட ஒருவகைச் செய்மதிக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 48 கிலோமீற்றர் அகலம். சூறாவளியின் கண்ணே பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். அதனால் சூடு கலங்கிக் குறைவாகத் தெரியும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம் செய்த ஹம்சர் என்ற கருவியை 20 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் பூட்டினால் ஒரு புள்ளி 2 கிலோமீற்றர் அளவுதான். 2010 செப்டெம்பரில் குளோபல் ஹோக் என்ற ஆளில்லா விமானம் இந்தக் கருவியோடு கார்ள் சூறாவளிக்கு மேலே பலமுறை குறுக்கும் நெடுக்கும் பறந்தது.

செய்மதி சொல்வது சரியா என்று ஒத்துப்பார்ப்பதும் இந்த விமானங்களின் வேலைதான். கருவி தன்னையும் அடிக்கடி ஒத்துப்பார்க்கும். உள்ளே உள்ள கண்ணாடி திரும்பித் திரும்பி, வெப்பநிலை தெரிந்த இரண்டு பொருள்களைப் பார்த்துவிட்டே காற்றைப் பார்க்கும். இரண்டு தெரிந்த படிகளை வைத்துத் தராசைச் சரிபார்க்கும் கடைக்காரர்போல.

நம் பக்கத்துக்கு ஒரு காலம் நல்ல உதவி இருந்தது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 ஒக்டோபர் 12இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவிய மேகா-டிரோபிக்ஸ் செய்மதி, மத்திய கோட்டை ஒட்டிய பகுதியை மட்டுமே சுற்றியது. அதனால் ஒரே நாளில் பலமுறை நம் வானத்தைக் கடந்தது. 183 கிகாஹேட்ஸில் ஈரப்பதனைக் கேட்கும் கருவி அதில் இருந்தது. 2023 மார்ச்சில் அதைப் பசிபிக் கடலுக்கு மேல் எரிந்துவிழச் செய்தார்கள். அதே ஆண்டு நாசா, கையால் தூக்கக்கூடிய அளவிலான நான்கு சிறு செய்மதிகளை இந்த வேலைக்கு அனுப்பியது.

ஆனால் விமானம்? அத்திலாந்திக் சூறாவளிகளுக்குள் ஆண்டுதோறும் ஆய்வு விமானங்கள் போகின்றன. வங்காள விரிகுடாவுக்கு அப்படி வழக்கமாகப் போகும் விமானம் இல்லை. ஏழைகள் அதிகம் வாழும் கரைகளைச் சுற்றிய கடல் இது. சூறாவளியில் மிக அதிக உயிர்களைக் கொடுத்த கடலும் இதுதான். இலங்கை தனியாக இதைச் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரையைப் பகிரும் நாடுகள் சேர்ந்து ஒரு விமானத்தையாவது மாரி மாதங்களில் பறக்கவிடக் கூடாதா? விமானத்தைச் சுற்றியுள்ள வெப்பநிலையை மட்டும் அளக்கும் ஒருவகை நுண்ணலைக் கருவி, சிறகின் கீழ்த் தொங்கும் ஒரு கூட்டுக்குள் அடங்கிவிடும் அளவுதான். மட்டக்களப்பு விமான நிலையம் நான் தினமும் போகும் பாதைக்குத் தூரமில்லை. மேலே சிறு விமானம் போனால் "இதில பூட்டலாமா சேர்?" என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இவ்வளவையும் அந்தத் தந்தைக்கு ஒரு பின்னேரம் வாய்க்கால் கட்டில் இருந்து சொன்னேன். கடலுக்கு மேலே ஈரத்தை ஊகிப்பதில் சிறு பிழை வந்தாலும் மழை ஒருநாள் இருநாள் தள்ளிப்போகும் அல்லது வேறு ஊரில் கொட்டும் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவங்க பொய் சொல்லல்ல, சரியாக் கேட்கல்ல" என்றார். இந்தப் போகம் பசளையை இரண்டாகப் பிரித்து, பாதியை அறிவித்தலுக்கு முன்பும் மீதியை மழை விட்ட பிறகும் எறியப்போகிறாராம்.