வேலைப் பொருத்தம்: எந்த ஆண்டின் கணக்கு?

1969 ஜூலை 19 அன்று இந்தியாவின் 14 பெரிய தனியார் வங்கிகள் அரசுடைமையாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் அடக்கம். அன்று நாடு முழுவதும் 8,000 சொச்சம்தான் வங்கிக் கிளைகள். 1990-களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்தின்போது எழுத்தர்களாகவும் காசாளர்களாகவும் உள்ளே வந்த இளைஞர்களிடம் வங்கி எதிர்பார்த்தவை தெளிவான கையெழுத்து, கூட்டலில் பிசகாத கவனம், நோட்டுக் கட்டை எண்ணும் விரல் வேகம். கவுன்ட்டரை மூடிய பிறகும் லெட்ஜர் ‘டேலி’ ஆகும்வரை எழுந்திருக்க முடியாது. அரையாண்டு முடிவில் வட்டிக் கணக்கு இரவுவரை நீளும். அந்த வேலைக்கு அவர்கள் கச்சிதமாகப் பொருந்தினார்கள். 1980-ல் 22 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 2013-ல் 55 வயது. லெட்ஜர் போய்விட்டது, கூட்டலைக் கணினி பார்த்துக்கொண்டது, அவர் முன்னால் இருந்தது இன்ஷூரன்ஸ் பாலிசியும் மியூச்சுவல் ஃபண்டும் விற்க வேண்டிய டார்கெட். ‘இவருக்கு இந்த வேலை சரிப்படாது’ என்று இப்போது அவரைப் பற்றிச் சொன்னால், எந்த வேலையைச் சொல்கிறோம்?

வேலைப் பொருத்தம் பற்றிய நம் எண்ணம் இன்னமும் நுழைவாசலிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் வேலை வழிகாட்டு மையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸின் நூல் அவர் இறந்த பிறகு 1909-ல் வெளிவந்தது. உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அதன் சாரம். வீட்டுத் தொழிலுக்கு வெளியே தேர்வே இல்லாதிருந்த இளைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதைக் கையில் எடுத்த நிறுவனங்களும் தேர்வு வாரியங்களும், ஒருநாள் எடுத்த அளவு முப்பத்தைந்து ஆண்டுக்குச் செல்லும் என்று வைத்துக்கொண்டன. ஆளும் வேலையும் அசையாமல் இருந்தால்தானே அந்தக் கணக்கு சரிவரும்?

ஆள் அசைகிறார் என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களின் 18 வயதுக் குணத்தையும் 26 வயது நிலையையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வு, குணம் வேலையைத் தேடித் தருவதையும், கிடைத்த வேலை திரும்ப அந்தக் குணத்தையே மாற்றுவதையும் காட்டியது. இதற்கு முன்பே மெல்வின் கோனும் கார்மி ஸ்கூலரும் அமெரிக்க ஆண்களை 1964-லும் பத்தாண்டு கழித்தும் சந்தித்து, சிக்கலான, சொந்தத் தீர்மானம் கோரும் வேலை மனிதரின் சிந்தனை நெகிழ்வையே வளர்க்கிறது என்று கண்டிருந்தார்கள். ஜெனிஃபர் சாட்மன் 1991-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் எட்டுப் பெரிய தணிக்கை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றியது. நிறுவனத்தின் மதிப்பீடுகளோடு ஒத்து வந்தவர்கள் சீக்கிரம் நிலைகொண்டார்கள் என்பது எதிர்பார்த்ததே. மூத்தவர் ஒருவரின் துணையும் சக ஊழியரோடு பழகும் வாய்ப்பும் கிடைத்தவர்களிடம் பொருத்தம் வளர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருத்தத்தில் ஒரு பகுதி, உள்ளே வந்தவருக்கு நிறுவனம் என்ன செய்தது என்பதன் விளைவு.

‘இந்த இடம் எனக்கானது இல்லை’ என்று மனம் சொல்வதும் எந்தக் கட்டத்தில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. வேலை மாறிய மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பழைய இடத்தில் சரிந்த திருப்தி புதிய இடத்தில் உயர்ந்து, பிறகு மீண்டும் சரிந்தது. அந்த இரண்டாவது சரிவை மட்டும் வைத்து முடிவெடுப்பவர், தான் தவறான இடத்துக்கு வந்துவிட்டதாகத்தான் நினைப்பார்.

பொருத்தம் காலப்போக்கில் வளரும் என்பதற்கு வரக்கூடிய மறுப்பில் நியாயம் உண்டு. பிரிட்டனில் 5,000-க்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்து 1996-ல் வெளியான ஆய்வு, பணித் திருப்தி இளமையில் மிதமாக இருந்து, முப்பதையொட்டித் தாழ்ந்து, வயது ஏற ஏற மறுபடி உயர்வதாகச் சொன்னது. ஆனால் பிடிக்காதவர்கள் வெளியேறிவிட்டதால் மிஞ்சியவர்கள் திருப்தியாகத் தெரிகிறார்கள்; இன்னும் சிலர் வேறு வழியின்றி ஆசையைச் சுருக்கிக்கொண்டவர்கள்; இதைப் பொருத்தம் என்று கொண்டாடலாமா? கூடாது. நம் வங்கிகளிலேயே 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் விலகினார்கள். 15 ஆண்டுப் பணியோ 40 வயதோ நிறைந்திருந்தாலே போதும் என்ற விதி. விலகியவர்கள் எல்லாரும் வேலைக்கு ஒவ்வாதவர்கள் இல்லை, தங்கியவர்கள் எல்லாரும் மனநிறைவோடு தங்கியவர்களும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன், ஓய்வூதியக் கணக்கு என்று எத்தனையோ அந்த முடிவுக்குள் இருந்திருக்கும். அதனால்தான், ஒருவர் நீடிப்பதை மட்டும் வைத்துப் பொருத்தத்தை அளக்கக் கூடாது என்கிறேன். விலகுவதற்கும் அதுவே பொருந்தும்.

நிர்வாகத்தின் தரப்பிலிருந்து இன்னொரு மறுப்பு வரும்: காலம் மாறுகிறது, ஒவ்வொரு ஊழியருக்காகவும் வங்கி நின்றுகொண்டிருக்க முடியுமா? முடியாதுதான். கணினிமயமாக்கலுக்குப் பாதை போட்ட ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை தந்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பையும் தாண்டி அது நடந்தேறியது. கோர் பேங்கிங் இன்றி இன்று எந்தக் கிளையும் இயங்காது. வாடிக்கையாளருக்கு அதனால் கிடைத்த வசதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெட்ஜரிலிருந்து கணினிக்கு மாறியபோது வேலையின் கருவி மாறியது. கணக்கு பிசகக் கூடாது என்ற பெருமிதம் அப்படியே இருந்தது. அதைப் பெரும்பாலானோர் கடந்து வந்தார்கள். கவுன்ட்டருக்கு வரும் முதியவரின் வைப்புத்தொகையைப் பாலிசியாக மாற்றச் சொன்னபோது மாறியது வேலையின் நோக்கம். அங்கே தயங்கிய ஊழியரைத் திறமை போதாதவர் என்று எழுதிவைப்பது அநியாயம். அவரை வேலைக்கு எடுத்தபோது வங்கி விரும்பிய குணமே அந்தத் தயக்கத்துக்குக் காரணம்.

இப்போது எழுத்தர் பணிக்கான ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வு ஆங்கிலம், கணக்கு, பகுத்தறிதல் ஆகியவற்றில் வேகத்தைச் சோதிக்கிறது. அதில் தேறும் 22 வயதுக்காரர் 2060-ஐ ஒட்டி ஓய்வுபெறுவார். 2016-ல் வந்த யு.பி.ஐ. சில ஆண்டுகளுக்குள் கவுன்ட்டர் வேலையை எவ்வளவு கரைத்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, இவர் நாற்பதைத் தொடுவதற்குள் வேலை இன்னொரு முறை உருமாறும் என்று சொல்லத் தேவையில்லை. வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருதரப்பு ஒப்பந்தத்துக்காக உட்காருகின்றன. ஊதியமும் படிகளும் பேசப்படும் அந்த மேசையில், வேலையின் உள்ளடக்கம் மாறும்போது யாருக்கு எவ்வளவு காலம் பயிற்சி, விற்பனைக்கு வராதவர்களுக்குக் கிளையில் வேறு எந்தப் பொறுப்பு, டார்கெட்டை எட்டாததைப் பணிக்குறிப்பில் எப்படி எழுதுவது என்பவையும் ஷரத்துகளாக வர வேண்டும்.