எரித்தால் விஷம், ஜல்லியில் ஒட்டினால் சாலை



அடுப்பு பத்த வைக்க ஒரு பாலிதீன் பையைக் கொளுத்திப் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அம்பத்தூர், ஆவடி பக்கம் தெருமுனைக் குப்பையையும் அப்படியே கொளுத்தி விடுகிறோம். "சாம்பலாயிடுச்சு, தொல்லை விட்டுது" என்று நினைக்கிறோம். தொல்லை விடவில்லை. குப்பையோடு பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது புகையோடு போய்ப் புல்லில் படிகிறது. புல்லை மாடு மேய்கிறது. மாட்டின் கொழுப்பில் தங்கி, பால் வழியாக நம் பிள்ளைகளுக்கே திரும்பி வருகிறது.

அப்படியானால் பிளாஸ்டிக்கை என்னதான் செய்வது? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் இதற்கு ஒரு வழி கண்டார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை போட்டுக் காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முறை எளிதுதான். ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் எரியாது. இளகி, ஜல்லி மேல் மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாரைக் கலக்கிறார்கள். சாதாரண சாலையில் மழைத்தண்ணி இறங்கி, ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும், குழி விழும். பிளாஸ்டிக் தோல் அந்தத் தண்ணியைத் தடுக்கிறது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போட ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதற்கான பிளாஸ்டிக்கைச் சேகரித்து, நறுக்கிக் கொடுத்தது நம்மைப் போன்ற மகளிர் குழுக்கள்தான். குப்பை வருமானமும் ஆனது.

ஆனால் தரம் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியவை:

1. கேரி பேக், பால் கவர், பிஸ்கட் உறை, தெர்மாகோல் சேர்க்கலாம்.

2. பி.வி.சி. பைப், ஃபிளெக்ஸ் பேனர், ஒயர் உறை, ரெக்சின் சேர்க்கவே கூடாது. சூட்டில் இவை அமிலப் புகை விடும். வேலை செய்பவர்களின் நெஞ்சைக் கெடுக்கும்.

3. சோறு, குழம்பு ஒட்டியிருந்தால் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும்.

4. எந்தப் பிளாஸ்டிக்கையும் வீட்டில் கொளுத்தக் கூடாது. வீட்டு நெருப்பின் சூடு நம் கட்டுப்பாட்டில் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். வீட்டுக்கு ஒரு சாக்கு தனியாகக் கட்டுவோம். முதலில் நம் அடுப்பிலிருந்து பாலிதீனை எடுப்போம்.