அசுணத்தின் செவி

சங்கப் பாடல்களில் வரும் விலங்கும் புள்ளும் பெரும்பாலும் இன்றும் கண்ணாற் காணத்தக்கன. அசுணம் அவ்வாறன்று. யாழிசையில் தன்னை மறக்கும் என்றும், பறையொலி செவிப்பட்ட அளவில் உயிர்விடும் என்றும் அதனை விளக்குவது மரபு. அது விலங்கோ பறவையோ என்ற வழக்கு நெடிது. 'மா' எனப் பழம்பாடல்கள் வழங்குதலின் விலங்கெனக் கொள்ளுதலே பொருந்தும், புள்ளென்பாரும் உளர். அவ்வழக்கினை ஈண்டு நாம் விரித்திலம். கற்பனையுயிர் ஒன்றற்குப் புலவர் வகுத்த இயல்பும் அழிவும் எல்லாப் பாடல்களிலும் ஒருபடித்தாக உள்ளனவா என்பதே நாம் ஆராயப் புகுந்தது.

அகநானூற்று 88ஆம் பாடல் ஈழத்துப் பூதன்தேவனார் பாடியது. களிற்றின் கவுளில் ஒழுகும் மதத்தை மொய்த்து வண்டினம் ஆர்க்க, மலைப் பிளவிலுள்ள அசுணம் அதனை யாழெனக் கருதிச் செவிசாய்க்கின்றது. நற்றிணை 244இலும் வண்டின் இன்குரலையே அது கேட்கின்றது. உறைவிடம் மலை, சிறந்த பொறி செவி, அச்செவி வண்டொலியை யாழெனப் பிறழவும் உணரும். இவ்வளவே இவ்விரு பாடல்களும் தரும் உயிரியல். வேட்டுவனும் இல்லை, பறையும் இல்லை, சாவும் இல்லை.

நற்றிணை 304இல் மாறோக்கத்து நப்பசலையார் கூறுவது வேறு. தலைவன் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதற்கு அசுணங் கொல்வாரது கையை உவமை கூறுகின்றார். இசைத்து மகிழ்விப்பதும் பின்னர்க் கொல்வதும் அக்கையே. உவமையாக வந்தது அசுணம் அன்று, கை என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். யாழும் பறையும் அப்பாடலிற் சொல்லப்படவில்லை. கேட்போர் முன்னரே அறிந்த செய்தியாதலின் புலவர் விடுத்தார் போலும். கலித்தொகை 143இல் அது வெளிப்படுகின்றது: இனிமையில் ஆழ்ந்த அசுணத்திற்கு அந்நிலையிலேயே பறையறைந்தாற்போலத் தன்னை ஒருவன் நீத்தான் என்கின்றாள் தலைவி.

இன்று கைப்பேசி விளையாட்டுகளில் வரும் கற்பனையுயிர்களுக்கும் வலியும் குறையும் வகுத்துள்ளனர். 1996இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமானில் நெருப்பினம் நீருக்குத் தோற்கும். மின்னினத்தின் தாக்குதல் நிலவினத்தை ஒன்றும் செய்யாது. வீரசோழன், திருச்சுழிப் பக்கத்துக் கரிசற்காட்டுச் சிறுவரும் இத்தகைய அட்டவணையை நெட்டுருச் செய்வதில் வியப்பில்லை. ஆங்கு ஊறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பகைப்பொருளால் நேர்வது. அசுணத்திற்கோ உயர்வும் ஊறும் ஒரே பொறியில் உள்ளன. நுண்ணிதின் கேட்பதாலேயே அது வல்லொலியைப் பொறாது. காதலுக்கு உவமையாகும் தகுதியை அதற்கு அளித்தது இவ்வமைப்பே.

விளம்பி நாகனாரின் நான்மணிக்கடிகையில் இதுவும் மாறுகின்றது. பறை கேட்டு வாழாத அசுணம், குறைபட்டு வாழாத உரவோர்க்கு இணையாக வைக்கப்படுகின்றது. காதற்பாடலில் இரங்கத்தக்கதாய் நின்ற சாவு அறநூலில் மானமாகி விட்டது. குறள் 969இன் கவரிமாவும் இத்தகையதே. கவரி இமயத்து மெய்யான விலங்கு, புறநானூறு 132இலும் இயல்பாக மேய்வது; மயிர் கத்தரிப்பதால் அது இறப்பதில்லை. மெய்யுயிர்க்கும் கற்பனைச் சாவு ஒன்றை அறம் வகுத்துக்கொண்டது.

ஆதலின் பிற்பாடல்களின் பறையை முன்னிரண்டு பாடல்களிலும் புகுத்திப் பொருள் காண்பது ஏற்புடைத்தன்று. அகம் 88 இரவுக்குறியில் வந்த தலைவன் வழியின் ஏதத்தை எண்ணுவது. ஆகவே அசுணத்தின் இறுதியும் ஆங்குக் குறிப்பாக உள்ளது எனின், அது முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அப்பாடலின் தொடக்கத்தில் தினையுண்ண வரும் பன்றி, பல்லியின் ஒலியை ஓர்த்தே அணுகுகின்றது. முடிவில் அசுணம் வண்டொலியை ஓர்க்கின்றது. பன்றி கேட்பது நிமித்தம். அசுணம் கேட்பது யாழல்லாத யாழ். 'ஓர்த்தல்' என்னும் ஒரு வினையே இரண்டிற்கும் வருகின்றது. பறையை வருவித்து உரைப்போர் இவ்வியைபினைக் காணாது விடுகின்றனர்.