சங்கம் வளருங்கால் தஸ்தாவேஜுகளைப் பேணும் முறை

ஒரு கிராமத்தில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமாகும்போது அங்கத்தினர் தொகை சொற்பமாயிருக்கும். யார் எவ்வளவு கடன் பெற்றார், எந்த அறுவடைக்குத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் காரியதரிசியின் நினைவிலேயே நிற்கும். பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்து, உர விற்பனையும் நகைக் கடனும் ஏற்பட்ட பின்னர் ஒருவருடைய நினைவு போதாது. அப்பொழுது சங்கத்தின் ஞாபகசக்தியாக விளங்குவன அதன் புஸ்தகங்களே.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் வருஷம் 28 பேர் கூடி, 28 பவுன் மூலதனத்துடன் ஒரு கடை தொடங்கினர். கணக்கை அங்கத்தினருக்கு அடிக்கடி எடுத்துக்காட்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட கொள்கைகளுள் ஒன்று. நமது தேசத்தில் 1912-ஆம் வருஷத்துச் சட்டமும், ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் வருஷத்திற்கு ஒரு முறையேனும் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்று விதித்தது.

குழப்பம் எவ்வாறு நுழைகிறது?

பெரும்பாலும் மோசடியினாலன்று, பலர் பலவிதமாக எழுதுவதனால்தான். அங்கத்தினர் ரிஜிஸ்தரில் 'கருப்பண்ணன்' என்றும், நாள்வழியில் 'கருப்பன்' என்றும், கடன் பேரேட்டில் 'கருப்பையா' என்றும் ஒருவருடைய பெயரே எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் செலுத்திய தவணை, அதே பெயருள்ள மற்றொருவர் கணக்கில் வரவு வைக்கப்படலாம். அவர் காலஞ்சென்ற பின்னர், தீர்ந்துபோன கடனுக்காக அவர் மனைவி மக்களிடம் சங்கம் பணம் கேட்கும். அவர்களிடம் ரசீதும் இல்லையென்றால் நியாயம் யார் பக்கம் என்று எவரால் சொல்ல முடியும்?

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். விண்ணப்பம், பத்திரம், ரசீது, பேரேடு யாவற்றிலும் பெயருடன் அவ்வெண்ணையும் எழுதுக. விலகியவர் எண்ணைப் பிறருக்குக் கொடுக்கலாகாது.

2. ஒரு காரியத்திற்கு ஒரே நமூனா போதும். கிளைக்கு ஒரு படிவம், குமாஸ்தாவுக்கு ஒரு படிவம் என்று வைத்தால் கணக்குகளை ஒப்பிட இயலாது.

3. உபவிதிகளின் திருத்தம், பொதுச்சபை நிறைவேற்றியவுடனே அமலுக்கு வருவதில்லை; ரிஜிஸ்திராரின் பதிவு பெற்ற பின்னரே செல்லும். பதிவானதும் பழைய பிரதிகளில் 'ரத்து' என்றும் தேதியும் குறித்துத் தனியே வைக்க வேண்டும். இல்லையேல் ஒரு மேஜையில் பழைய விதியும் மறு மேஜையில் புது விதியும் நடக்கும்.

4. வவுச்சர்களுக்குத் தொடர் எண் இடுக. நாள்வழியில் வவுச்சர் எண்ணும், பேரேட்டில் நாள்வழியின் பக்க எண்ணும் காணப்பட வேண்டும். அப்பொழுது எந்தத் தொகையையும் அதன் மூலம் வரை பின்தொடர்ந்து செல்லலாம்.

5. தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்கலாகாது. ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியுடன் சுருக்கொப்பம் இடவேண்டும்.

6. காரியதரிசி மாறும்போது புஸ்தகங்களுக்கும் பத்திரங்களுக்கும் ஜாபிதா தயாரித்து, ஒப்படைப்பவரும் பெற்றுக்கொள்பவரும் கையொப்பமிட வேண்டும்.

கணினி வந்தபின்

கணினி வந்துவிட்டால் இவ்வளவு கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் சுமார் 63,000-ஐக் கணினி மூலம் இணைத்து, ஒரே முறையில் கணக்கு வைக்கச் செய்யும் திட்டத்திற்கு மத்திய அரசாங்கம் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அனுமதி அளித்தது. நல்ல ஏற்பாடே. ஆயினும் இயந்திரம் நாம் கொடுப்பதையே காக்கும். பேரேட்டிலுள்ள பிழை அப்படியே அதனுள் ஏறினால், பிழை விரைவாகப் பரவுமேயன்றித் தானாகத் திருந்தாது. ஆகையால் பழைய நிலுவைகளை ஒவ்வோர் அங்கத்தினரிடமும் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே பதிவு செய்வது உத்தமம்.

அங்கத்தினர் கடமை

புஸ்தகம் காரியதரிசியின் சொத்தன்று, சங்கத்தாருடையது. பணம் செலுத்தியவுடன் ரசீது கேட்டு வாங்குங்கள். பாஸ் புஸ்தகத்தை வருஷத்திற்கு ஒரு முறையேனும் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தணிக்கை அறிக்கை பொதுச்சபையில் படிக்கப்படும்போது தவறாமல் இருந்து, விளங்காததைக் கேளுங்கள். ஒருவரையொருவர் நம்புவதே கூட்டுறவின் வேர். அங்கத்தினர் ஆயிரமாகப் பெருகிய பின்னரும் அந்த நம்பிக்கை நிலைப்பதற்கு ஒழுங்கான ஏடுகளே ஆதாரம்.