சிடி வேஷம் போட்ட மோடம்

3ஜி வந்த புதிதில் ஒரு டாங்கிள் வாங்கினேன். கடைக்காரர் தன் விண்டோஸ் கணினியில் செருகிக் காட்டினார், இணையம் வந்தது. வீட்டுக்கு வந்து என் லினக்ஸ் கணினியில் செருகினால், திரையில் ஒரு சிடி படம் மட்டும் எட்டிப் பார்த்தது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்டப் கோப்பு. மோடத்தைக் காணோம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "விண்டோஸ் போட்டுக்குங்க சார்" என்றார்கள்.

டாங்கிள் கெட்டுப்போகவில்லை. வேண்டுமென்றே வேஷம் போட்டிருந்தது. மோடம் ஓடுவதற்கான மென்பொருளைத் தனி சிடியில் கொடுக்க வேண்டாமே என்று, அதை டாங்கிளுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். செருகியவுடன் அது தன்னை சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் அந்த மென்பொருளை நிறுவிக்கொண்டு, டாங்கிளிடம் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லும். உடனே சிடி மறைந்து மோடம் முளைக்கும். 'ஜீரோசிடி' என்று இதற்குப் பெயர். அந்த ரகசிய வார்த்தை என்ன என்பதை லினக்ஸ்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஒட்டுக்கேட்டார்கள். விண்டோஸ் கணினியில், யுஎஸ்பி வழியே போய்வருவதையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருளை ஓடவிட்டு டாங்கிளைச் செருகினார்கள். பக்கம் பக்கமாக எண்கள் கொட்டும். சிடி மறைந்த நொடிக்குச் சற்று முன்னால் என்ன போனது என்று அதில் தேட வேண்டும். கிடைத்தது வெறும் 31 பைட். தொடக்கத்தில் 55 53 42 43. எழுத்தாக்கிப் படித்தால் 'யூ, எஸ், பி, சி'. பென் டிரைவுக்குக் கட்டளை அனுப்பும்போது ஒட்டுகிற அதே சாதாரண முகப்புதான்! சில மாடல்களில் உள்ளே இருந்த கட்டளை அதைவிட வேடிக்கை: "சிடியை வெளியே தள்ளு". தள்ளுவதற்கு சிடி ஏது? வேஷத்தைக் கலை என்று டாங்கிள் புரிந்துகொள்ளும். ஹுவாவே தன் டாங்கிள்களுக்குத் தனியாக ஒரு கட்டளை வைத்திருந்தது. அதன் பல மாடல்கள் 1446 என்ற அடையாள எண்ணைச் சொல்லி உள்ளே நுழையும். கட்டளை போனதும், 1001 போன்ற வேறொரு எண்ணோடு திரும்பி வரும்.

ஜோசுவா டீட்சே என்பவர் எழுதிய 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு நிரல், லினக்ஸில் இந்த வேலையைச் செய்தது. மாடல்களோ மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அத்தனையையும் ஒருவர் வாங்கிச் சோதிக்க முடியுமா? யார் கையில் எந்த டாங்கிள் இருந்ததோ அவர் அதை ஒட்டுக்கேட்டு, எண்களை அனுப்பினார். பட்டியல் அப்படித்தான் நீண்டது.

மோடம் முளைத்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியாகிறது. அதனுடன் பேசும் மொழி பழையது: 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடம் கொண்டுவந்த 'ஏடி' கட்டளைகள். தொலைபேசி எண்ணைச் சுழற்றுவது போலவே *99# என்று 'டயல்' செய்ய வேண்டும். அதோடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் ஏபிஎன், அதாவது இணைய வாசலின் பெயரும் தெரிய வேண்டும், பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்'. இப்பெயர்களை நாடுவாரியாகத் திரட்டி, க்னோம் திட்டத்தார் யாரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரே கோப்பாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த முயற்சியிலேயே அழகான பகுதி இதுதான். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம்; தன் சிம் கார்டின் ஏபிஎன் தெரிந்தால் போதும்.

அடுத்து குவால்காம் சில்லுகள் 'க்யூஎம்ஐ' என்ற தங்கள் சொந்த மொழியில் பேச ஆரம்பித்தன. அதற்காகப் பியோர்ன் மோர்க் எழுதிய இயக்கி 2012இல் வந்த லினக்ஸ் 3.4இல் சேர்ந்தது. டயல் செய்யும் பாவனை போய், மோடம் ஒரு நெட்வொர்க் கார்டு போல நடந்துகொண்டது. பயனரின் பக்கத்தில் நின்று இந்த மொழிகளையெல்லாம் சமாளிப்பது 'மோடம் மேனேஜர்'. ரெட் ஹாட்டில் இருந்த டான் வில்லியம்ஸ் தொடங்கியதை அலெக்சாண்டர் மொர்காடோ வளர்த்தெடுத்தார். பூட்டுகளும் ஓயவில்லை. சில லேப்டாப்களில் உள்ளேயே பொருத்தி வரும் மோடம், அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறோமா என்று உறுதி செய்துகொள்ளாமல் வாயைத் திறப்பதில்லை. அதைத் திறக்கும் சாவியையும் மோடம் மேனேஜரோடு சேர்த்தே தருகிறார்கள். பயனர்தான் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் தானாக முன்வந்து செய்த கதையும் உண்டு. இன்டெல், வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணையத்துக்கான தன் சில்லின் இயக்கியைத் தன் பொறியாளர்களைக் கொண்டே எழுதித் திறந்த மூலமாகக் கொடுத்தது. 2009இல் லினக்ஸ் 2.6.29இல் அது இடம்பிடித்தது. வைமாக்ஸ் சேவைகள் மூடப்பட்டன, பயன்படுத்த ஆளில்லை. 2021இல் மொத்தமாக நீக்கிவிட்டார்கள். பழைய டாங்கிள்களுக்கான இயக்கியோ லினக்ஸில் இன்னும் இருக்கிறது.